மெக்கானிக்கை மறந்துவிட்டுப் போன வேன்

மெக்கானிக்கின் இரண்டு கைகளும் வெந்நீர்த் துணியில் இருந்தன. என் ஃப்ரிட்ஜின் கதவு ரப்பர் ஒரு மூலையில் சுருங்கிவிட்டது. கதவு சரியாக ஒட்டாததால் உள்ளே வைத்த பால் மாலைக்குள் புளித்துவிடும். புது ரப்பர் வேண்டாம், இதையே சரிசெய்துவிடலாம் என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கியிருந்தார். துணியை நனைத்துப் பிழிந்து சுருங்கிய இடத்தில் வைத்து அழுத்துவார். ரப்பர் இளகியதும் விரலால் இழுத்து நீவிவிடுவார். மறுபடியும் துணி. நோயாளிகளுக்கு ஒத்தடம் கொடுத்தே காலம் தள்ளியவள் நான். அவர் கையில் சூடும் அழுத்தமும் அளவாகவே இருந்தன.

சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் என்னைப் பார்த்தார். நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"கீழதான். நர்ஸம்மா வீட்ல."

"தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சேன் மேனேஜர்."

"கண்ணாடி?"

அவர் தலையை ஆட்டிப் பார்த்தார். கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. "இருக்கு."

"சரி. கொஞ்ச நேரம் கழிச்சு கூப்பிடறேன்."

என் அறைக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மாடிப்படிதான். மேலே ஜன்னலில் நின்று எட்டிப்பார்த்தாலே அவர் முதுகு தெரியும். ஆனாலும் ஃபோன் வரும். அவர் எந்தத் தெருவில் எந்த வீட்டு ஃப்ரிட்ஜுக்கு முன்னால் குந்தியிருந்தாலும் வரும். மேனேஜர் என்பது அவருடைய மகள். அந்த வருடம்தான் பதிமூன்று முடிந்திருந்தது.

மெக்கானிக் ரப்பரை நீவிக்கொண்டே சொன்னார். "அவ பெரியம்மா வீட்டுக்குப் போறேங்கறா, நர்ஸம்மா. அங்கயே தங்கிப் படிக்கப் போறாளாம். லீவு முடியறதுக்குள்ள பதில் சொல்லணும்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உன் இஷ்டம்னு சொல்லிட்டேன்."

"உங்க இஷ்டம் என்ன?"

துணியை வெந்நீரில் போட்டார். எடுத்தார். பிழிந்தார். "போகாதேன்னு நான் ஒரு வார்த்த சொன்னா போதும், அவ போகமாட்டா. அதனாலதான் சொல்லல. இத்தன நாள் எனக்காக இருந்தது போதும்."

"அப்ப லீவு முடியற வரைக்கும் வாய மூடிட்டு இருக்கப் போறீங்க."

"ஆமா," என்றார். கதவைச் சாத்தி, விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தார். ஒட்டிக்கொண்டது.

அவருடைய முதல் மனைவியைக் கடைசி மாதங்களில் பார்த்துக்கொண்டது நான்தான். நான் நர்ஸ் இல்லை. படுக்கையில் இருப்பவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி எடுத்தவள். நர்ஸம்மா என்று இந்தத் தெரு வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, நானும் விட்டுவிட்டேன். அந்த அம்மாள் போன பிறகு கீழ் அறையை எனக்கு வாடகைக்குக் கொடுத்தார். அப்போது மேனேஜருக்கு ஆறு வயது. அம்மா படுக்கையில் இருந்தபோது நான் துண்டு மடிப்பதையும், மாத்திரை எடுத்து வைப்பதையும், "சாப்பிட்டாச்சா, தண்ணி குடிச்சாச்சா" என்று கேட்பதையும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். நன்றாகவே கற்றுக்கொண்டாள். அம்மா போனதும் அதே வேலையை அப்பாவிடம் ஆரம்பித்தாள். எனக்கு ஷிஃப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போய்விடுவேன். அவளுக்கு ஷிஃப்ட் முடியவே இல்லை.

மெக்கானிக்கும் அதற்குத் தோதான ஆள். சிறு வயதிலேயே ஐஸ் ஃபாக்டரியில் எடுபிடியாகச் சேர்ந்து, கம்ப்ரஸர் கழற்றக் கற்று, பிறகு தெருவோரம் ஒரு ஷெட் போட்டுக்கொண்டவர். ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். தன் வயிறு கத்துவது மட்டும் அவருக்குக் கேட்காது. வெயில் காலம் வந்துவிட்டால் ஊரிலுள்ள ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒன்றாகப் படுத்துக்கொள்ளும். அவர் ஒரு கால் செருப்பும் இன்னொரு கால் ஷூவுமாக ஓடுவார். மகள் பின்னாலேயே கண்ணாடியும் சாப்பாட்டு டப்பாவுமாக ஓடுவாள்.

அப்படி ஓடிய காலத்தில்தான் வேன் அக்கா வந்தாள். பள்ளி வேன் ஓட்டுகிறவள், மேனேஜரையும் அந்த வேனில்தான் கூட்டிப்போவாள். கணவர் விட்டுவிட்டுப் போய்ச் சில வருடம், இரண்டு பிள்ளைகள். அவள் வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றுபோய் மெக்கானிக் பார்க்கப் போனார். மறுவாரமும் போனார். அடுத்த வாரமும் போனார். ஒரே ஃப்ரிட்ஜுக்கு இத்தனை முறை எதற்கு என்று கேட்டேன். தெர்மோஸ்டாட் என்றார். அவர் காது சிவந்திருந்தது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. போன வருடக் கடைசியில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள்.

மாடியில் எல்லாம் இரண்டிரண்டாகிவிட்டது. இரண்டு குக்கர், இரண்டு இஸ்திரிப் பெட்டி, துண்டு மடிப்பதிலும் இரண்டு விதம். மேனேஜர் நான் காட்டியபடி நாலாக மடிப்பாள். வேன் அக்கா சுருட்டி வைப்பாள். அலமாரியைத் திறந்தால் எந்தத் துண்டு யாருடையது என்று கேட்கவே வேண்டாம்.

வேன் அக்காவின் பையனுக்குப் பத்து வயது. தெரு முழுக்க அவனை வக்கீல் என்றுதான் கூப்பிடும். எதைச் சொன்னாலும் அதற்கொரு மறுப்பு வைத்திருப்பான். தங்கச்சிக்கு ஐந்து வயது, பெயர் கொசு. காதோரம் வந்து நின்றுகொண்டு, நினைத்தது கிடைக்கும்வரை போகமாட்டாள்.

லீவு விட்ட முதல் வாரமே வக்கீல் ஒரு வழக்கைக் கிளப்பினான். மேனேஜர் பழக்கதோஷத்தில் வேன் அக்காவை இன்னமும் "அக்கா" என்றுதான் கூப்பிட்டாள். வேனில் போகும் பிள்ளைகள் எல்லாருக்கும் அவள் அக்காதான். கல்யாணத்துக்குப் பிறகு வேறு எப்படிக் கூப்பிடுவது என்று மேனேஜருக்கும் தெரியவில்லை, வேன் அக்காவும் கேட்கவில்லை. ஒருநாள் நான் மேலே போனபோது எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வக்கீல் தட்டை நகர்த்தி வைத்தான்.

"எனக்கு ஒரு டவுட்டு. எங்கம்மா உனக்கு அக்கா, கரெக்டா?"

"ம்," என்றாள் மேனேஜர்.

"எங்கம்மாவுக்கு நீ தங்கச்சி. அம்மாவோட தங்கச்சி எனக்கு என்ன வேணும்? சித்தி! சித்தி, அந்தத் தண்ணிய இப்படிக் குடுங்க."

"டேய்!" என்றாள் அவன் அம்மா.

"இரும்மா, இன்னும் முடியல. சித்தியோட அப்பா எனக்கு யாரு?" அவன் மெக்கானிக்கை நோக்கிக் கையை நீட்டினான். "தாத்தா!"

மெக்கானிக்குக்குப் புரையேறிவிட்டது. நான் முதுகில் தட்டினேன். வேன் அக்கா தலையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நான் யாரடா கட்டிக்கிட்டேன்?"

"அது உங்க சொந்தப் பிரச்சன," என்றான் வக்கீல்.

வக்கீலின் தீர்ப்பு கொசுவுக்குப் பிடித்துவிட்டது. அந்த லீவு முழுக்க மெக்கானிக் அவளுக்குத் தாத்தாதான். ஷெட்டுக்கு வரும் வாடிக்கையாளர்கள் முன்னாலும் "தாத்தா, அம்மா கூப்பிடறா" என்று கத்துவாள். நாற்பத்தைந்து வயது மனிதர், தலைமுடிக்கு மை போடலாமா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். சிரித்தது எல்லாரும்தான். மேனேஜர் மட்டும் கொஞ்சம் சிரித்துவிட்டு எல்லார் தட்டையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்தது நீச்சல் குளம். பழுது பார்க்க முடியாத ஃப்ரிட்ஜ் ஏதாவது வந்தால் மெக்கானிக் முதலில் கதவுகளைக் கழற்றிவிடுவார். பிள்ளைகள் யாராவது விளையாட்டாக உள்ளே போய் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. எனக்கு அவர்மேல் மரியாதை வர அது ஒன்றே போதும். அப்படிக் கதவில்லாத ஒரு பெரிய ஃப்ரிட்ஜ் மொட்டைமாடியில் கிடந்தது. வக்கீலும் கொசுவும் அதை மல்லாக்கத் தள்ளி, ட்யூபைப் போட்டுத் தண்ணீர் நிரப்பிவிட்டார்கள்.

ஃப்ரிட்ஜுக்குள் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை உண்டு என்பதை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஓட்டைக்கு நேர் கீழே மாடியின் வடிகால், அதற்கு நேர் கீழே என் ஜன்னல். உலர்த்தியிருந்த கம்பளி நனைந்துகொண்டிருந்தது. மேலே போனேன். வக்கீல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஃப்ரீஸர் பக்கம் படுத்திருந்தான். கொசு நடுவில் இருந்தாள். வேன் அக்கா பாவாடையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, காய்கறித் தட்டு இருந்த இடத்தில் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உக்காருங்க," என்றேன். "என் கம்பளிதான் குளிக்குது, நீங்களும் குளிங்க."

மேனேஜர் வெயிலில் நின்றுகொண்டு, கையில் கடிகாரத்துடன் யாருக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் வேர்வை வழிந்தது.

"நீ எறங்கலையா?"

"எனக்கு வேலை இருக்கு, நர்ஸம்மா. அப்பா சாப்பிட வர்ற நேரம்."

அப்பா வந்தார். திட்டப்போகிறார் என்று பிள்ளைகள் மூச்சைப் பிடித்தார்கள். அவர் குனிந்து ஓட்டையைப் பார்த்தார். கீழே போய் ஒரு துண்டு ரப்பரைக் கொண்டுவந்து உருட்டி அடைத்தார். பிறகு, கேஸ் கசிவு பார்க்கிற மாதிரி, சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தார். குமிழி வரவில்லை. "இப்போ ஓகே," என்று சொல்லிவிட்டு, மேனேஜரைக் கண்ணாலேயே தண்ணீரில் இறங்கச் சொன்னார். அவள் சாப்பாட்டு டப்பாவை எடுக்கக் கீழே போய்விட்டாள். அவர் முகத்தை நான் பார்த்தேன். பெரியம்மாவின் ஃபோன் வாராவாரம் வந்துகொண்டிருந்தது. "முடிவு பண்ணிட்டியாடா கண்ணு, தனி ரூம் ரெடியா இருக்கு" என்பது மாடிப்படியில் எனக்கே கேட்கும்.

ஏன் போகிறாய் என்று ஒருநாள் அவளிடம் நேராகவே கேட்டேன். என் கம்பளியை மடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவ இனிமே அக்கா பாத்துப்பாங்க. நான் எதுக்கு நடுவுல?" என்றாள். மூலைக்கு மூலை சரியாக வைத்து இன்னொரு மடிப்பு மடித்தாள்.

லீவு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஏரிக்குப் போனோம். பள்ளி வேனில்தான். வேன் அக்கா என்னையும் விடவில்லை. "நீங்க வந்து கரையில உக்காருங்க நர்ஸம்மா. கொசு ஆழத்துக்குப் போனா நீங்க ஒரு பார்வ பார்த்தா போதும், திரும்பி வந்துடுவா."

கரையில் இறங்கியதும் மேனேஜர் எல்லாருடைய ஃபோனையும் தண்ணீரில் விழுந்துவிடும் என்று வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். என்னுடையதையும்தான். மாற்றுத்துணி, மாத்திரை, ரொட்டி, அப்பாவின் இன்னொரு கண்ணாடி எல்லாம் அந்தப் பையில். அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வக்கீல் கூப்பிட்டான். அசையவில்லை. வேன் அக்கா கூப்பிட்டாள். "பரவால்ல அக்கா" என்றாள். கடைசியில் கொசு போய் காதோரம் நின்றாள். "வா. வா. வா. வா." என்ன பொறுமை அந்தக் குழந்தைக்கு! கொஞ்ச நேரம் கழித்து, சும்மா கால் மட்டும் நனைக்கிறேன் என்று மேனேஜர் எழுந்தாள். வக்கீல் ஒரு கைப்பிடிச் சேற்றை எடுத்து நேராக அவள் முகத்தில் அடித்தான்.

மேனேஜர் கண்ணிலிருந்து சேற்றை வழித்தாள். குனிந்தாள். இரண்டு கையாலும் அள்ளினாள். வக்கீல் ஓடினான். அவன் போட்ட கூச்சல் அக்கரைக்குக் கேட்டிருக்கும்.

"சித்தி, வேணாம்! சித்தி, சமாதானமாப் போயிடலாம்!"

"சித்தியா? இந்தா சித்தி!"

மெக்கானிக் கையில் தர்பூசணித் துண்டுடன் நின்றிருந்தார். மகள் ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பப் போனாள். சட்டென்று அவர் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"என்ன ஒளிஞ்சு வெளையாடறீங்க?" என்றேன்.

"நான் கண்ணுல பட்டா தண்ணி குடிச்சீங்களான்னு கேக்க வந்துடுவா. வாங்க நர்ஸம்மா, கொஞ்ச நேரம் அந்தாண்ட போயிடலாம்."

கரையில் ஒரு ஐஸ்க்ரீம் கடை இருந்தது. கடைக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ஃப்ரீஸர் நின்றுவிட்டதாம், சரக்கெல்லாம் உருகுகிறதாம். மெக்கானிக்கின் முகம் மலர்ந்துவிட்டது. கடைக்குப் பின்பக்கம் போய்க் காதை வைத்துக் கேட்டார். "ஃபேன் மோட்டார்," என்றார். கடைக்காரரின் டார்ச்சை என்னிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் தரையில் படுத்தார். அவருக்கு ஒரு ஃப்ரீஸரும், எனக்கு உட்கார ஒரு காலிப் பெட்டியும் கிடைத்தன. இரண்டு பேருமே சௌகரியமாகத்தான் இருந்தோம்.

அந்த நேரத்தில் காற்று கிளம்பியது. ஏரி கறுத்தது. கோடை மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. கரையில் இருந்தவர்கள் எல்லாம் துணியைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். வேன் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, ஹார்ன் கேட்டது. நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வெளியே வந்தோம். வேனின் பின்பக்கம் மேட்டில் ஏறி மறைந்துகொண்டிருந்தது.

கடைக்காரர் எட்டிப்பார்த்தார். "அது நீங்க வந்த வேன்தானே?"

"ஆமா," என்றார் மெக்கானிக்.

"உங்கள விட்டுட்டுல்ல போவுது?"

"ஆமா."

என்ன நடந்தது என்று பிறகு வேன் அக்காவே சொன்னாள். பத்து வருடமாக வண்டியைக் கிளப்புமுன் கண்ணாடியில் பார்த்துப் பிள்ளைத் தலைகளை எண்ணுவாள். பெரியவர்களை எண்ணிப் பழக்கமே இல்லை, வேனில் பெரியவர் அவள் ஒருத்திதான். வீட்டிலும் அப்படித்தான் வாழ்ந்திருக்கிறாள். பிள்ளைகளை ஏற்றினால் குடும்பம் ஏறிவிட்டது. அன்றும் பார்த்தாள். மூன்று தலை, மூன்றும் சேறு. கிளப்பிவிட்டாள்.

மெக்கானிக் சட்டைப்பையைத் தடவினார். ஃபோன் மேனேஜரிடம் இருந்தது. என் ஃபோனும் அங்கேதான். கடைக்காரர் தன்னுடையதை நீட்டினார்.

"உங்க சம்சாரத்தோட நம்பர் சொல்லுங்க," என்றேன்.

"அது ஃபோன்ல இருக்கு."

"மக நம்பர்?"

"அவதான் என்ன கூப்பிடுவா. நான் கூப்பிட்டதே இல்லையே." கொஞ்சம் யோசித்தார். "எனக்குத் தெரிஞ்சது ஒரே நம்பர்தான். ஷெட்டு போர்டுல எழுதியிருக்கற நம்பர்."

தன் எண்ணுக்கே போட்டார். தகரக் கூரையில் மழை அடித்த சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் பாட்டும் கைதட்டலும் வக்கீலின் கத்தலுமாக ஒரே அமளி. அதற்கு நடுவே மேனேஜரின் குரல், சிரித்து மூச்சு வாங்கியபடி.

"ஹலோ, ஃப்ரிட்ஜ் சர்வீஸ். சொல்லுங்க."

"ஹலோ," என்றார் மெக்கானிக்.

"சார் இப்ப வெளிய வேலையா இருக்காருங்க. டேய், சும்மா இருடா! என்ன கம்ப்ளெய்ன்ட், சொல்லுங்க?"

"கம்ப்ளெய்ன்ட் வந்து... என்ன ஏரிக்கரையில விட்டுட்டுப் போயிட்டாங்க."

"சரிங்க. அட்ரஸ்..."

பாட்டு நின்றது. அப்புறம் "அக்கா!" என்று ஒரு அலறல். பிரேக் பிடித்த கிறீச்சொலி எங்களுக்கே கேட்டது.

மெக்கானிக் ஃபோனைக் கடைக்காரரிடம் கொடுத்தார். காலிப் பெட்டிமேல் உட்கார்ந்தார். கோபமோ, வருத்தமோ என்று பார்த்தேன். அந்த மனிதர் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மறந்துட்டா நர்ஸம்மா! என்ன சுத்தமா மறந்துட்டா!"

"சம்சாரமா?"

"அவள விடுங்க. மேனேஜர்! சிரிச்சுக்கிட்டு இருந்தா, கேட்டீங்கல்ல? அம்மா போனதுலேருந்து ஒரு நிமிஷம்கூட என்ன மறந்ததில்ல அவ."

வேன் திரும்பி வந்து நின்றதுமே வேன் அக்கா குதித்து இறங்கினாள். மழையில் நனைந்துகொண்டு கணவர் முன்னால் வந்து நின்றாள். "என்னங்க, சத்தியமா... எனக்கு ஒரு புருஷன் இருக்கறதே நெனப்பு வரல."

"அதனால என்ன? போகப் போகப் பழகிடும்," என்றார் அவர்.

"நர்ஸம்மாவையும் மறந்துட்டோம்," என்று வக்கீல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "அதுக்கு யாருமே மன்னிப்புக் கேக்கல, நான் கவனிச்சுட்டேன்."

"தாத்தா தொலஞ்சு போயிட்டாரு," என்று கொசு கடைக்காரருக்கு விளக்கினாள்.

மேனேஜர் இறங்கவில்லை. பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் சேறு ஓடைவிட்டிருந்தது. அழுதிருந்தாள். மெக்கானிக் வேன் படியில் உட்கார்ந்தார். நான் ஏற வழியில்லாததால் குடையுடன் பக்கத்திலேயே நிற்கவேண்டியதாயிற்று.

"நான் உங்கள நெனக்கவே இல்லப்பா," என்றாள். "ஃபோன் வந்தப்பகூட நெனக்கல."

"தெரியும். அட்ரஸ் கேட்டியே."

"சிரிக்காதீங்க. உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"என்ன ஆவும்? நர்ஸம்மா கூட இருந்தாங்க. வேல கெடச்சுது. தர்பூசணி சாப்பிட்டேன். தண்ணியும் குடிச்சேன், கேக்க ஆளில்லாமயே குடிச்சேன்."

அவள் சிரிக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். சட்டையும் ஈரம்தான்.

"இதப் பாரு. சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். போகாத. பெரியம்மா வீட்டுக்குப் போகாத."

அவள் நிமிர்ந்தாள். "உங்கள இனிமே அக்கா..."

"அவளா? அவ என்ன ஏரியில விட்டுட்டுப் போறவ!"

"என்னங்க!" என்றாள் திரும்ப ஏறியிருந்த வேன் அக்கா முன்சீட்டிலிருந்து.

"என்னப் பாத்துக்க நீ வேணாம்," என்றார் அவர். "எனக்கு ஆள் தேவையில்ல. நானே பாத்துக்கறேன், இல்ல கஷ்டப்படறேன். நீ சும்மா இரு. சும்மா இருந்தாலும் நீ வீட்ல இருக்கணும். அதான் என் இஷ்டம். இத்தன நாள் கேட்டியே, சொல்லிட்டேன்."

"சும்மா இருந்து என்ன பண்றது?" என்றாள். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள்.

"அத நான் கத்துத் தரேன்," என்றான் வக்கீல். "அதுல நான் எக்ஸ்பர்ட்டு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. நான் ஏறி உட்கார்ந்தேன். எல்லாரும் நனைந்திருக்கிறோம், சளி பிடிக்குமுன் வண்டியை எடுக்கச் சொன்னேன். புதிய மோட்டாருடன் நாளைக்கு வருவதாக மெக்கானிக் கடைக்காரருக்குக் கைகாட்டினார்.

மறுநாள் காலையில் மேனேஜர் எழுந்திருக்கவில்லை. வெயில் வந்தது, பால் வந்தது, அவள் வரவில்லை. காய்ச்சலோ என்று மேலே போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. நல்ல தூக்கம், வாய் திறந்திருந்தது. போர்வையை இழுத்துவிட்டு வந்தேன். மெக்கானிக் ஷெட்டில் மோட்டார் தேடிக்கொண்டிருந்தார். வேன் அக்காவும் வக்கீலும் தெருவில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். உள்ளே சேறு ஒரு பாத்தி கட்டும் அளவுக்கு இருந்தது.

தலை கலைந்து, கன்னத்தில் தலையணைக் கோடுடன் அவள் ஒருவழியாக இறங்கிவந்து, படியில் உட்கார்ந்து பெரியம்மாவுக்கு ஃபோன் போட்டாள். நான் கதவோரம் கீரை கிள்ளிக்கொண்டிருந்தேன். மறைவாகப் பேசும் எண்ணம் அவளுக்கு இல்லை.

"பெரியம்மா, நான் வரல... இல்ல, யாரும் எதுவும் சொல்லல... சரி, அப்பா சொன்னாரு. ஆனா அதுக்காக இல்ல... அடுத்த லீவுக்கு வரேன், பத்து நாள் இருக்கேன். தங்கறதுக்கு இல்ல... இங்கயா? இங்க எனக்கு ஒரு வேலையும் இல்ல பெரியம்மா. அதனாலதான் இருக்கேன்."

பெரியம்மா அந்தப் பக்கம் நிறையப் பேசினாள். இவள் எல்லாவற்றையும் கேட்டாள், "சரி" என்றாள், வைத்தாள். ஷெட்டில் சத்தம் நின்றிருந்தது. பிறகு ஏதோ ஒரு ஸ்பேனர் கீழே விழுந்தது, மெக்கானிக் அதை எடுக்க வெகுநேரம் பிடித்தது.

மேனேஜர் வேன் கழுவுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வக்கீல் ஒரு மூலையை விட்டுவிட்டுப் போனான். அவள் பாதி எழுந்தாள்.

"உக்காரு," என்றேன்.

உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழப்பார்த்தாள். நான் கீரைக் கட்டை அவள் பக்கம் நகர்த்தாமல் அவளைப் பார்த்தேன். இந்த முறை தானாகவே உட்கார்ந்து, காலை நீட்டி, தூணில் சாய்ந்துகொண்டாள். வேன் அக்கா வாளியுடன் வந்து அந்த மூலையைக் கழுவினாள்.